பத்திரத்தில் குறையில்லை, தெருவைப் பற்றிப் பேச்சில்லை: வேலூரில் ஒரு வீட்டுத் தரகு நிலையம்

ஓய்வுக்காலத்திற்கென்று சத்துவாச்சாரி பக்கம் ஒரு தனி வீடு வாங்க நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு ஒரு தரகு நிலையத்தை நாடினோம். ஆவண வேலையில் அவர்கள்மேல் எனக்குக் குறையே இல்லை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி, முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக்கட்டணம் 2 விழுக்காடு என்று செலவையும் முன்பே எழுதிக் கொடுத்தார்கள்.

விலைதான் என்னை உறுத்தியது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு ஒன்றாகவே இருந்தும், இரண்டு தெரு தள்ளி விற்ற வீட்டைவிட இது சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் குறைவு. கேட்டதற்கு, "ஓனருக்குப் பணம் அவசரம் சார்" என்றார் தரகர். முன்பணம் கொடுத்த பிறகு ஒருநாள் நாங்கள் மட்டும் இருட்டும் நேரத்தில் போனோம். தெருவில் வரிசையாக மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை. பின்கட்டுக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் புதுப் பலகை வைத்து இழைத்திருந்தார்கள். மேலே அடித்த பெயின்ட் பழைய நிறத்தோடு சேரவில்லை. எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம், "ஒரே வருஷத்துல ரெண்டு தடவ பூட்ட ஒடச்சிட்டாங்கம்மா, அதுலதான் அவங்க காலி பண்ணிட்டுப் போனாங்க" என்றார்.

குற்றம் வீட்டு விலையை இறக்கும் என்பது ஊகம் அல்ல. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகர வீட்டு விலைகளைக் கொண்டு பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1978இலேயே அதைக் கணக்கிட்டார். ஆனால் 2004இல் லண்டனைப் பற்றி வெளிவந்த ஸ்டீவ் கிப்பன்ஸின் ஆய்வு, வம்புக்கு எதையாவது உடைப்பது, சுவரில் கிறுக்குவது போன்ற வெளிப்படையான சேதமே விலையைக் குறைக்கிறது என்றும், வீடு புகுந்து திருடுவதால் விலையில் அளவிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்றும் கண்டது. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது: திருட்டு, வாங்க வருபவர் கண்ணில் படுவதில்லை, யாராவது சொன்னால்தான் தெரியும். இரு தரப்பிடமும் கமிஷன் வாங்கும் தரகர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். இரகசியம் காக்க வேண்டிய வழக்குகள் தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கும்போது, வில்லங்கச் சான்றுக்கு அலையும் தரகர்கள் இதையும் தேடிப் பார்த்திருக்கலாம்.

நேரில் கேட்டபோது தரகர் மறுக்கவில்லை, "அதச் சொன்னா வீடு எப்படி சார் விக்கும்?" என்றார். முன்பணத்தைப் பிடித்தம் இல்லாமல் பன்னிரண்டாம் நாள் திருப்பித் தந்துவிட்டார்கள். இப்போது காட்பாடி காந்தி நகரில் வேறொரு வீடு பார்த்திருக்கிறோம். அங்கே அக்கம்பக்கத்தில் நாங்களே பேசிவிட்டு, தாய்ப்பத்திரம் பார்க்கும் வேலையை மட்டும் இதே தரகு நிலையத்திடம் கொடுத்திருக்கிறோம்.