நான் சொன்னதை வெட்டி, சொல்லாததைச் சொல்லவைத்தார்கள்: பேய்ப்படக் கருத்துகள் பற்றி ஓர் எச்சரிக்கை

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் இருப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படத்துக்குப் போகிறவர்கள், இதைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சிறு முதலீட்டுப் பேய்ப்படத்தின் விஷயத்தில் நான் இரண்டு முறை ஏமாற்றப்பட்டேன். முதலில், பார்த்தவர்களின் கருத்து என்று காட்டப்பட்டதை நம்பிப் பணத்தை விட்டேன். பிறகு என்னுடைய கருத்தையே வெட்டித் திரித்து, என் முகத்தைத் தூண்டிலாக்கி, என் வீட்டாரையே ஏமாற்றினார்கள். படத்தின் பெயரையும் சேனலின் பெயரையும் நான் எழுதவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், ஒரு பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் யாரும் ஏமாறிவிடக் கூடாது.

எனக்குப் பேய்ப்படம் பிடிக்கும். அதிலும் காசில்லாமல், நான்கு நடிகர்களையும் ஒரு வீட்டையும் வைத்துக்கொண்டு எடுத்த படங்களின் மேல் தனி மரியாதை உண்டு. பேயைக் காட்டப் பணம் இல்லாதவர்கள் அதைக் காட்டாமலே பயமுறுத்த வழி தேடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் கேட்கும் ஒரு சத்தத்தை நம்புகிறார்கள். பாராநார்மல் ஆக்டிவிட்டி என்ற ஆங்கிலப் படம் ஏறத்தாழ 15,000 டாலர் செலவில், ஒரே வீட்டுக்குள் எடுக்கப்பட்டது. தமிழிலும் 2012இல் வந்த பீட்சா, பெரிய பெயர்கள் இல்லாமலே ஊரைப் பேசவைத்தது. ஆகவே சின்னப் படம் என்பதற்காக நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. இப்படிப்பட்ட படங்களுக்குப் பெரிய விளம்பரம் கிடையாது, பார்த்தவர் சொல்லித்தான் அடுத்தவர் போக வேண்டும். அந்த வாய்ச்சொல்லையே கலப்படம் செய்தால் நேர்மையாக எடுத்தவனும் சேர்ந்துதான் கெடுகிறான் என்பதுதான் என் ஆற்றாமை.

நான் வேலூர் லாங்கு பஜார் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன். குடியாத்தத்தில், அம்மனின் சிரசை (தலையை) ஊர்வலமாகக் கொண்டுவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறுவாரம், அந்தப் படத்தின் முன்னோட்டம் கைபேசியில் வந்தது. பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த உண்மைச் சம்பவம் என்று அதில் போட்டிருந்தார்கள். நம் ஊர்க் கதை என்றதும் ஆவல் வந்தது. வெள்ளிக்கிழமை படம் வெளியானது. அன்று காலை வேலைக்கு நடுவே கருத்துகளைப் பார்த்தபோது பாராட்டு மழையாக இருந்தது. "கடைசி இருபது நிமிடம் நாற்காலியின் நுனிக்கே கொண்டுவந்துவிட்டது", "முடிவில் வரும் திருப்பத்தை யாராலும் யூகிக்க முடியாது", "குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்" என்று பல பெயர்களில் பலர் எழுதியிருந்தார்கள். உடனே சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு எனக்கும் மனைவிக்கும் மகனுக்குமாக மூன்று டிக்கெட் எடுத்தேன். பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தம், இடைவேளைத் தீனி எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஆயிற்று.

படத்தின் முதல் இருபது நிமிடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. காணாமல் போன கணவனைத் தேடி ஒரு பெண் பாழடைந்த வீட்டுக்கு வருகிறாள். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சத்தம் இரவெல்லாம் கேட்கிறது, விடிந்து போய்ப் பார்த்தால் கிணற்றில் உருளையும் இல்லை, கயிறும் இல்லை. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு படம் எங்கெங்கோ போய்விட்டது. மர்மக் கதை என்றால் துப்புகளை நம் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் நம்மை ஏமாற்ற வேண்டும். இவர்களோ முடிவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதுவரை வராத ஓர் ஆளைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் செய்தவன் இவன்தான் என்றார்கள். யாரும் யூகிக்க முடியாத திருப்பம் என்று எழுதியிருந்தது இதைத்தான் போலிருக்கிறது. இடையில் ஒரு குழந்தையைக் கிணற்றுக்குள் இறக்கும் காட்சி, பார்க்கவே முடியாத கொடுமையோடு நீண்டது. பாலாற்றங்கரை என்றார்களே, படத்தில் வந்தது தென்னந்தோப்புகளுக்கு நடுவே இரு கரையும் தொட்டு ஓடும் ஓர் ஆறு. நம் பாலாறு அப்படி ஓடி 2021 நவம்பர் வெள்ளத்தில் பார்த்தோம். மற்றபடி அது மணலும் முள்செடியுமாகக் கிடப்பதை மேம்பாலத்தைத் தாண்டும் ஒவ்வொருவரும் அறிவோம். நம் ஊர் மக்களை வரவழைப்பதற்காக ஒட்டவைத்த பெயர் அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே வரும்போது வாசலில் இரண்டு இளைஞர்கள் கேமராவும் மைக்குமாக நின்றுகொண்டு, "சார், படம் எப்படி இருக்குது? ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டார்கள். எந்தச் சேனல் என்று கேட்காதது என் தவறு. மைக்கைப் பிடித்திருந்த பையன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததால், பொறுமையாக ஏறக்குறைய இரண்டு நிமிடம் பேசினேன். நல்லதையும் சொன்னேன், கெட்டதையும் சொன்னேன். சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. நான் அதைப் பார்க்கவில்லை; அன்று முகூர்த்த நாள் அழைப்பிதழ் வேலை குவிந்திருந்ததால் அச்சகத்தில் இருந்தேன். மாலை ஏழு மணிக்குக் குடியாத்தத்திலிருந்து தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, நீங்க சொன்னீங்கன்னுதானே புள்ளைய இட்டுனு போனோம்? அவன் அழுது அழுது வாந்தி எடுத்துட்டான் மாமா" என்றாள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் வீடியோவைத் திறந்தேன்.

மொத்தம் பதினேழு விநாடி. "உண்மையிலேயே நன்றாக இருந்தது" என்று நான் சொல்வது வருகிறது. உடனே ஒரு வெட்டு. "எனக்கு உடம்பு சிலிர்த்தது" என்கிறேன். மறுபடி வெட்டு. அடுத்து, "பிள்ளைகளை அழைத்து வர" என்பது வரை என் குரல் கேட்கிறது. "வேண்டாம்" என்ற சொல் வர வேண்டிய இடத்தில் கைதட்டல் சத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கீழே மஞ்சள் எழுத்தில், "குடும்பத்தோடு பார்க்கலாம்: வேலூர் ரசிகர்" என்று போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எச்சரிக்கை எப்படி அழைப்பாக மாறிவிடும் என்பதை, எழுத்துப் பிழை பார்த்தே முப்பது வருடம் ஓட்டிய நான், என் சொந்த வாயின் வழியாகத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. சிரசு ஊர்வலத்தில் அத்தனை பெரிய கூட்டத்துக்கு நடுவே, அம்மன் சிரசு நெருங்கி வரும்போது அப்பன் தோளில் உட்கார்ந்து கையை உயர்த்திக் கூவுகிற பிள்ளை. அவன் இப்போது கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறான், விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். அடுத்த ஞாயிறு நான் நேரில் போய் இருந்தேன். அவர்கள் வீட்டுக் கிணறு மூடி வைத்த பழைய கிணறு. அதன் மேல் போட்ட இரும்பு வலையை அவன் கையாலேயே தொட்டுப் பார்க்கவைத்தேன். தொட்டான், ஆனால் என் வேட்டியை விடவில்லை. படத்துக்குத் தணிக்கையில் யுஏ 16+ கொடுத்திருந்தார்கள். 2024இலிருந்து யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பார்க்கலாமா என்று பெற்றோர் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். தங்கை மகள் அதைப் பார்க்கவில்லை. மாமாவே சொல்லிவிட்டார், அதற்குமேல் என்ன பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமை நான் படித்த கருத்துகளை ஒவ்வொன்றாக மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஒன்பது வெவ்வேறு பெயர்களில் வந்த கருத்துகளில் "திகில்" என்ற சொல் "திகிழ்" என்று ஒரே மாதிரி தப்பாக இருந்தது. ஒருவர் தப்பு செய்யலாம், இருவர் செய்யலாம். ஒன்பது பேருக்கு ஒரே இடத்தில் ஒரே பிழை வருவதென்றால் ஒரே கையெழுத்துப் படியிலிருந்து வந்தது என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். நேரத்தையும் பார்த்தேன். நம் மாநிலத்தில் அந்தப் படத்தின் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு. படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. வெளிநாட்டில் வெளியான படமும் இல்லை. கடைசி இருபது நிமிடத்தைப் புகழ்ந்த கருத்துகளில் நான்கு, பத்தேகால் மணிக்கு முன்பே போடப்பட்டவை. அந்தப் பெயர்களைத் தொட்டுப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் அதற்கு முன்னும் பின்னும் வேறு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

எங்கள் அச்சகத்துக்கு வடிவமைப்பு செய்துதரும் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் வியப்படையவே இல்லை. கல்லூரி நண்பன் ஒருவனுக்கு வந்த செய்தியைக் காட்டினான்: நான்கைந்து பாராட்டு வாசகங்கள், அவற்றை எங்கெங்கே ஒட்ட வேண்டும், ஒட்டியதும் படம் பிடித்து அனுப்பினால் ஒன்றுக்கு எவ்வளவு ரூபாய் என்ற விவரம். அந்த வாசகங்களிலும் "திகிழ்" இருந்தது.

இனி மற்றவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வாசலில் மைக் நீட்டினால் பேச மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்றே, திரையரங்கு வளாகத்துக்குள் இப்படிக் கருத்துப் பேட்டி எடுக்க இடம் தர வேண்டாம் என்று திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அவர்களுடைய கவலை படத்தைத் திட்டுகிறவர்களைப் பற்றியது. பார்வையாளனின் வாயை வெட்டி ஒட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் சேனலின் பெயரைக் கேட்டுக்கொண்டு, உங்கள் கைபேசியிலும் பதிவு செய்துகொண்டு பேசுங்கள். நிறையைத் தனி வாக்கியமாக விடாமல், குறையோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். "வேண்டாம்" என்பதைக் கடைசியில் வைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். படம் பார்க்கப் போகும் முன், முதல் நாள் மதியத்துக்கு முன்பு வந்த கருத்துகளை ஒதுக்கிவிடுங்கள். பிள்ளை இருந்தால் யாருடைய கருத்தையும் பார்க்கும் முன் சான்றிதழைப் பாருங்கள்.

பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இணையக் கருத்துகளுக்காக ஐஎஸ் 19000 என்ற தர அளவீடு 2022இலேயே வந்தது, ஆனால் அது கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம். தவறான விளம்பரத்தைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன், புகார் எண்ணும் வந்திருக்கிறது. சேனலுக்கு மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, "நீங்கள் சொன்னதைத்தானே போட்டிருக்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. இதை எழுதும் நேரம்வரை அந்த வீடியோ நீக்கப்படவில்லை.

ஆகவே அன்று சனிக்கிழமை இரவு வாசலில் நான் சொன்னதை, நினைவில் இருக்கிறபடி முழுமையாக இங்கே எழுதிவைக்கிறேன். அந்தப் பதினேழு விநாடியைப் பார்த்தவர்கள் இதையும் படிக்கட்டும்:

"முதல் இருபது நிமிடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, கிணற்றுச் சத்தம் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒலி அமைத்தவருக்கு என் பாராட்டு. அதற்குப் பிறகு கதை சிதறிவிட்டது. முடிவில் சம்பந்தமில்லாத ஆளைக் கொண்டுவந்தது பார்க்கிறவர்களை ஏமாற்றும் வேலை. குழந்தையைக் கிணற்றில் இறக்கும் காட்சி மிகவும் கொடுமை. தயவுசெய்து பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்."