நீலகிரிக் கூடலூரிலிருந்து விமானம் ஏற: கோவையா, கரிப்பூரா?

சார்ஜாவில் இருக்கும் தம்பியிடம் அம்மாவை அனுப்ப டிக்கெட் போடும்போது வீட்டில் இதுதான் பேச்சு. கோவையிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது, கோழிக்கோட்டுக் கரிப்பூரிலிருந்தும் இருக்கிறது. கடைசியில் கரிப்பூரில் போட்டோம். அடுத்த முறையும் அங்கேதான் போடுவேன்.

வானத்துக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் 120 கி.மீ. தான். சார்ஜாவுக்கு எங்கே ஏறினாலும் நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். சென்னைக்குக் கோவையிலிருந்து சுமார் 400 கி.மீ., கரிப்பூரிலிருந்து 500. விமானத்தில் கூடுதலாக உட்காரப்போவது இருபது நிமிடம். இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கூடலூர்க்காரருக்குப் பாடு எல்லாம் தரையில்தான். கோவை விமான நிலையம் சுமார் 140 கி.மீ. தூரம், அதுவும் ஒரு மலை ஏறி இன்னொரு பக்கம் இறங்கணும். நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு ஏறி, குன்னூரில் நெரிசலில் நின்று, பர்லியார் பக்கம் மண்டிக்குப் போகும் கேரட் லாரி பின்னால் மாட்டிக்கொண்டால் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அதன் டீசல் புகையைக் குடித்துக்கொண்டே மேட்டுப்பாளையம் வரை உருட்ட வேண்டியதுதான். மே மாத சீசன் என்றால் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி பக்கம் திருப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு ஊட்டி தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழம் கைக்கு வந்துவிடும்.

கரிப்பூர் சுமார் 100 கி.மீ. நாடுகாணியில் ஒரே இறக்கம், வழிக்கடவு வந்தால் மலை முடிந்தது. அப்புறம் நிலம்பூர், எடவண்ணா, மஞ்சேரி என்று ஊர் மேல் ஊராகச் சமவெளிதான். டாக்ஸி என்றால் கேரள பெர்மிட் காசைத் தனியாகக் கேட்பார்கள், முன்னாடியே பேசிவிடுங்கள். ராத்திரியில் நாடுகாணிக் காட்டை நான் கடந்ததில்லை. யானை நடமாடும் இடம் என்பதால் வெளிச்சத்திலேயே இறங்கிவிடுவோம்.

ஆனால் எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம், மற்ற எதையும்விட. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை நம் பக்கத்தைத்தான் போட்டு அடிக்கும். 2019 ஆகஸ்டில் நாடுகாணி மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. கரிப்பூரும் குன்றின் தலையைச் சீவிப் போட்ட ஓடுதளம், மேகம் இறங்கினால் விமானத்தைக் கொச்சிக்கோ, சில சமயம் கோவைக்கேகூடத் திருப்பிவிடுவார்கள். 2020 ஆகஸ்டில் நடந்த விபத்தும் கொட்டும் மழையில் இறங்கும்போதுதான். அதனால் அந்த மூன்று மாதம் மட்டும் கோவைக்கே என் ஓட்டு. அக்டோபரில் கதை தலைகீழ். வடகிழக்கு மழை குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையைப் பிடித்துக்கொள்ளும், பாறை உருண்டது, மரம் விழுந்தது என்று ஏதாவது ஒன்று. அம்மா கிளம்பியது நவம்பரில், அதனால் கரிப்பூர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வளைகுடாவுக்குக் கரிப்பூரில் விமானங்களும் அதிகம்: தோஹா, மஸ்கட், ஜித்தா எல்லாமே நேரடி. சென்னைக்குக் கோவையில்தான் அதிகம். ஆனால் சென்னைக்கு நான் இரண்டையும் தேடுவதில்லை. மேட்டுப்பாளையம் வரை இறங்கிய பிறகு, அங்கேயே ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடலாமே.