ரப்பர் அச்சில் நெப்போலியன் காலாட்படை: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

1808 பிப்ரவரி ஆணைப்படி பிரெஞ்சு லைன் (வழக்கமான காலாட்படை) பட்டாலியனில் ஆறு கம்பெனிகள், கம்பெனிக்கு 140 பேர், மொத்தம் 840. மேசைப் போர் விளையாட்டுக்காக 35 பேருக்கு ஓர் உலோக உருவம் என்று கணக்கு வைத்தால் 24 சிப்பாய்கள், கம்பெனிக்கு நான்கு. இவர்களை வீட்டிலேயே வார்த்தெடுக்க, இரண்டு பாதிகளாக வரும் கறுப்பு ரப்பர் அச்சு போதும். அயர்லாந்தின் மக்ரூமில் இருக்கும் பிரின்ஸ் ஆகஸ்ட் நிறுவனத்தின் அச்சுகளைப் பலரும் அறிவார்கள். கீழே வருபவை 25 மி.மீ. உருவங்களை வைத்துச் சொல்பவை. எந்த அச்சானாலும் பழுதுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: அச்சின் சூடு, உள்ளே சிக்கும் காற்று.

அச்சு குளிர்ந்திருக்கும்போது முதல் இரண்டு மூன்று ஊற்றல் வீண்தான். உடம்பு நிறையும், துப்பாக்கி முனைக் கத்தியான பயனெட் பாதியில் நிற்கும். கவலைப்படாமல் அவற்றைத் திரும்ப உருக்குக் கரண்டியில் போட்டுவிடலாம். நான்காவதிலிருந்து முகமும் பொத்தானும் தெளிவாக விழும். தொடர்ந்து ஊற்றிக்கொண்டே போனால் அச்சு அளவுக்கு மீறிச் சூடாகி, சிப்பாய் நிற்கும் அடித்தட்டில் பள்ளம் விழும். அவசரப்பட்டுப் பிரித்தால் சிப்பாய் கணுக்காலில் முறிவார். இரண்டு அச்சுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நல்ல வழி. ரப்பரின் ஆயுளும் கூடும். ஊற்றுவாயில் உலோகத்தின் பளபளப்பு மங்கிய பிறகும் அரை நிமிடம் பொறுக்க வேண்டும்.

காற்றுப் பிரச்சினை இதைவிட நுட்பமானது. உலோகத்தை அடித்தட்டு வழியாக ஊற்றுவதால் சிப்பாய் தலைகீழாக நிற்கிறார். துப்பாக்கி முனை அடியில் முட்டுச்சந்துபோல் அடைபட்டுவிடுகிறது. காற்று அங்கே மாட்டிக்கொண்டால் உலோகம் போகாது. கூர்மையான கத்தியால், ஒரு பாதியில் மட்டும், பயனெட் முனையிலிருந்து அச்சின் ஓரம் வரை அரை மி.மீ. ஆழத்துக்கு வி வடிவக் கீறல் போட வேண்டும். ஆழம் கூடினால் உலோகம் அதன் வழியே ஒழுகும். கீறியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் மெல்லத் தொடங்கி, ஊற்றிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் கீறுங்கள். டால்கம் பவுடரை மென்தூரிகையால் தூவி, இரு பாதிகளையும் தட்டி உதறுங்கள். பவுடர் படலம் காற்று நழுவ இடம் தருகிறது; கட்டியாக நின்றால் முகம் மழுங்கும். இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கினால் பிசிறு குறையும் என்று தோன்றும். மிகையாக இறுக்கினால் கீறல்கள் நசுங்கி மூடிக்கொள்ளும்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், ஈயம் 327 டிகிரியில். வெள்ளீயம் 63, ஈயம் 37 என்று கலந்தால் 183 டிகிரியே போதும். ஈயம் கூடினால் பயனெட் வளையும். கலவையைக் கடினமாக்கும் உலோகமான ஆன்டிமனி கூடினால் ஒடியும். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை உருகலில் வைத்ததும் சில விநாடிகளில் பழுப்பானால் சூடு சரி. உடனே கருகிப் புகைந்தால் அதிகம். மேலே மிதக்கும் கசட்டில் விலையுயர்ந்த வெள்ளீயமும் ஆக்சைடாகக் கலந்திருக்கிறது. சிறு மெழுகுத் துண்டு போட்டுக் கிளறினால் ஒரு பகுதி மீளும். மெழுகு தீப்பிடிக்கும் என்பதால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். துத்தநாகம் கலந்த பழைய பொம்மைக் கார்களைச் சேர்த்தால் முழு உருகலும் குழகுழத்துக் கெடும். ஈரமான துண்டு உள்ளே விழுந்தால் நீர் ஆவியாகி உலோகம் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். சமையல் பாத்திரம் கூடவே கூடாது.

பலர் தவறவிடும் இடம் கழுவுதல். பவுடர் ஒட்டியிருந்தால் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) பிடிக்காது, ஒரு வருடம் ஆடியபின் பெயின்ட் செதில் செதிலாக உரியும். பிசிறைச் சுரண்டி, பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஒரு நாள் காயவிட்ட பிறகே சாம்பல் பிரைமர் அடிக்க வேண்டும்.

உண்மையான சீருடையின் கருநீலத்தை அப்படியே பூசினால் இந்த அளவில் கறுப்பாகத் தெரியும். ஒரு படி வெளுத்த நீலமே சரி. குறுக்கு வார்களுக்கு முதலில் வெளிர்சாம்பல், மேலே விளிம்பு விட்டு மங்கலான வெள்ளை. தூய வெள்ளையை நேரடியாகக் கெட்டியாகப் பூசினால் சுண்ணாம்பு போலத் திட்டுத்திட்டாக நிற்கும். ஷாக்கோ எனும் உயரத் தொப்பியின் குஞ்சத்தில் ஃப்யூசிலியர் (சாதாரணச் சிப்பாய்) கம்பெனிகள் நான்கையும் பிரித்துக் காட்டுவது கண்ணுக்கு விருந்து: வரிசையாகக் கரும்பச்சை, வான்நீலம், ஆரஞ்சு, ஊதா. தேர்ந்தெடுத்த வீரர்களான கிரெனடியருக்குச் சிவப்பு.

வார்னிஷில் முதல் பூச்சு கிளாஸ் (பளபளப்பு வகை), அது காய்ந்தபின் மேட் (பளபளப்பில்லாத வகை). கிளாஸ் கைப்படுதலைத் தாங்கும், மேட் மினுமினுப்பைக் குறைக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் மேட் ஸ்பிரே அடித்தால் வெண்புகை படிந்து நிறங்கள் மங்கிவிடும்.

ஈயம் மிகுந்த உருவங்களை ஓக் மர அலமாரியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரிக்கும், பெயின்ட் பூசாத அடிப்பகுதியில்தான் முதலில் தெரியும். அதனால் அடித்தட்டின் கீழ்ப்பக்கத்துக்கும் பிரைமரும் வார்னிஷும் வேண்டும்.