வாட்ஸ்அப் வசூலா, நிவாரண நிதியா, கிரவுட்ஃபண்டிங்கா?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தூத்துக்குடியும் நெல்லையும் தண்ணீரில் நின்றபோது, உதவ நினைத்த மதுரைக்காரருக்கு போனிலேயே மூன்று வழி இருந்தது. தெரு வாட்ஸ்அப் குழுவின் வசூல், முதலமைச்சரின் பொது நிவாரண நிதி, இணையத்தில் பலரிடம் பணம் திரட்டித் தரும் மிலாப், கெட்டோ மாதிரியான கிரவுட்ஃபண்டிங் தளங்கள். மூன்றுக்கும் யுபிஐ போதும். ஆனால் கொடுக்க வைக்கும் விதமும், கொடுத்தது போய்ச் சேரும் விதமும் ஒன்றுக்கொன்று வேறு.

கொடுக்க வைப்பதில் குழுவை அடிக்க ஆளில்லை. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் மொய் எழுதும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். நோட்டு போய் லேப்டாப் வந்தாலும், அச்சடித்த ரசீது கைக்கு வந்தாலும், யார் எவ்வளவு செய்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். குழுவிலும் அதே கதைதான். அட்மின் ‘1. பால்கடை அண்ணன் – 1000’ என்று ஒரு வரி போடுவார். அடுத்தவர் அதைக் காப்பி செய்து, கீழே தன் பேரைச் சேர்த்துத் திரும்பப் போடுவார். பட்டியல் இருபதைத் தொடும்போது யார் பேர் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் மூன்று பேர் ஆயிரம் போட்டிருந்தால் நான்காமவருக்கு இருநூறு போடக் கை வராது. முதல் ஆளே இருநூறு என்றால் கடைசிவரை இருநூறுதான். விவரமான அட்மின் முதல் வரிக்கு ஆளைப் பிடித்துவிட்டுத்தான் பட்டியலைத் திறப்பார். கௌரவத்துக்குக் கொடுப்பது தர்மமா என்று கேட்பவர்கள் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவருக்கு அந்தக் கேள்வி இல்லை. 2024இல் வயநாடு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை மொய் விருந்தே வைத்தது.

குழு சறுக்குவது பொருள் அனுப்புவதில். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம் பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்ததை மறக்க முடியாது. இன்றும் ‘நல்ல நிலையில் உள்ள உடைகள்’ என்று குழுவில் செய்தி வந்தால், பீரோவைக் காலி செய்ய நல்ல நேரம் வந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். லாரி போக வழி இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்று, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அப்புறம் லாரி எங்கே போக? அதே சமயம், ஏரலில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஓர் அக்கா குழுவில் இருந்தால் நிலைமையே வேறு. ‘அரிசி வேண்டாம், பாயும் பெட்ஷீட்டும் நாப்கினும் அனுப்புங்க’ என்று அங்கிருந்தே தகவல் வரும். மதுரை கீழமாசி வீதியிலும் விளக்குத்தூணிலும் மொத்த விலைக்கு எடுத்து, தண்ணீர் வடிந்ததும் ஏற்றிவிடலாம். இந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

நிவாரண நிதியில் இந்த உசுப்பல் கிடையாது. பணம் போகும், ரசீது வரும், அவ்வளவுதான். எந்த ஊருக்கு என்று நாம் சொல்லவும் முடியாது. 2020 கொரோனா சமயத்தில் மதுரையில் ஒரு முதியவர் யாசகம் எடுத்துச் சேர்த்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாக ஆட்சியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் படம் போனுக்குப் போன் போனபோது நிவாரண நிதிக்கும் ஒரு முகம் வந்தது. ஆனால் அது தினமும் நடப்பதில்லை. தொகை பெரிதென்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. பழைய வரி முறையில் இருப்பவருக்கு வரிக்கான வருமானத்தில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு (ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது). யுபிஐ முகவரியை மட்டும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். 2020இல் பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதியின் யுபிஐ முகவரியில் கடைசி ‘எஸ்’ஸை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலி முகவரி உலவியது. ஃபார்வர்டில் வந்த க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்யாமல், அரசு இணையதளத்துக்கே போய்க் கட்டுவது நல்லது.

கிரவுட்ஃபண்டிங் தளத்தின் பலம் கதை சொல்வது. ‘ஆயிரம் குடும்பங்கள்’ என்றால் அசையாத கை, படகை இழந்த ஒரே ஒரு மீனவரின் முகத்தைப் பார்த்ததும் பர்ஸுக்குப் போகிறது. வெள்ளம் வடிந்து, டிவியும் மறந்த பிறகு, படகுக்கும் தறிக்கும் பள்ளிப் புத்தகத்துக்கும் பணம் திரட்ட இதுதான் சரி. முதல் மூன்று நாள் சோற்றுக்கு இது ஆகாது. கட்டும் நேரத்தில் ‘டிப்ஸ்’ என்று ஒரு தொகை தானாகவே ஏறி நிற்கலாம். கவனித்து, வேண்டாமென்றால் பூஜ்யமாக்கிவிடலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா உள்ளூர் டிரஸ்ட்டுக்கு அனுப்ப நினைத்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது.

என் கணக்கில், களத்தில் தெரிந்த ஆள் இருந்தால் முதல் வாரம் குழு. இல்லையென்றால் நேரே நிவாரண நிதி. அந்த நிதிக்கே குழுவின் உசுப்பலைப் பயன்படுத்தலாம்: அட்மின் நம்பருக்குப் பதில் அரசு இணைப்பைப் போட்டு, கட்டியவர்கள் ஸ்கிரீன்ஷாட்டோடு பட்டியலில் பேர் ஏற்றட்டும். பொருள் வாங்கத்தான் வசூல் என்றால், லாரி வாடகையும் பில்லும் எப்படியும் குழுவில் ஏறிவிடும். மீதிப் பணத்தைப் பற்றித்தான் பேச்சே வராது. அதை அன்றைக்கே நிவாரண நிதியில் கட்டி ரசீதைப் போட்டுவிட்டால், அடுத்த புயலுக்குப் பட்டியல் திறக்கும்போது அட்மின் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.