கொலினைட் 845 கார் வாக்ஸ்: திருகோணமலை உப்புக் காற்றில் ஒரு வருடம்

அப்பா இந்த நிசான் சன்னி எஃப்.பி.15 காரை 2003இல் வாங்கினார். கடும் நீலம், மெட்டாலிக். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், காரை ஏற்றித்தான் அக்கரைக்குப் போய் வருவார். தெறித்த உப்புத் தண்ணீர் பொனட்டில் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக வீடு வரும். அன்று பின்னேரமே கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பார். 2009இல் பாலம் திறந்தது. இப்போது அதே காரில் அதே கிண்ணியாவுக்கு நான் படிப்பிக்கப் போகிறேன்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் மறுபடி திறந்தபோது வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் ஒரு ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டாத தூரத்தில் நின்றது. இருக்கிற காரைத்தான் காப்பாற்ற வேண்டும். எஞ்சினைப் பார்க்க நல்ல மெக்கானிக் இருக்கிறார். பெயின்டைப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஓரிடத்தில் 15,000 ரூபா கொடுத்து கட் அண்ட் பொலிஷ் (கொம்பவுண்ட் என்ற உராயும் பசையை மெஷினால் தேய்த்து மெருகேற்றுவது) செய்வித்தேன். கடையின் பெயர் வேண்டாம். எடுத்து வந்த அன்று கார் கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்று கிழமை கழிந்து, நாலைந்து தரம் கழுவிய பிறகு, வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பொனட் முழுவதும் வளைவு வளைவாக நிழல் கோடுகள். சுழல் மெஷினை அழுத்திப் பிடித்தால் விழும் தடங்கள் அவை. அவற்றை ஏதோ எண்ணெய்ப் பசை நிரப்பி மறைத்திருக்கிறார்கள். பசை கழுவுப்பட்டதும் உண்மை வெளியே வந்துவிட்டது. அதைவிடக் கவலை, கூரையின் ஓரத்தில் மெஷின் பட்டு க்ளியர் கோட் ஒரு விரல் அகலத்துக்கு முழுதாகத் தேய்ந்துபோனது.

அப்போதுதான் இந்த க்ளியர் கோட் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். நிறத்துக்கு மேலே இருக்கும் அந்தத் தெளிவான படை பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரோன் வரைதான். நம் தலைமுடி ஒன்றை விடவும் மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் அதற்குள்ளேதான் கலந்திருக்கிறது. கொம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு தரமும் அதில் கொஞ்சம் போகிறது, போனது திரும்பி வராது. வருடா வருடம் கட் அண்ட் பொலிஷ் போடுபவர்கள் அழகுக்காகக் காரின் தோலையே உரிக்கிறார்கள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கூரை ஓரம் தப்பியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டொரொன்டோவில் இருக்கும் மச்சான் போன வருடம் ஊருக்கு வந்தபோது மூன்று பொருள் கொண்டுவரச் சொன்னேன்: பெயின்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் க்ளே கட்டி ஒன்று, மெக்வயர்ஸ் அல்டிமேட் கொம்பவுண்ட் ஒரு போத்தல், கொலினைட் 845 ஒரு போத்தல். மைக்ரோபைபர் துணி பத்தும் இரண்டு வாளியும் ஊரிலேயே வாங்கினேன். மெஷின் வாங்கவில்லை. எல்லாம் கையால்தான்.

கழுவுவதில் தொடங்குகிறேன், ஏனென்றால் கீறல் விழுவது அங்கேதான். உப்பு கையால் நசுக்கினாலே நொறுங்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். கீறுவது மணல். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போய் வந்தால் கதவின் கீழ்ப்பகுதியெல்லாம் மணல். அதில் படிகக்கல் துகள் நிறைய இருக்கிறது, அது கண்ணாடியையே கீறக்கூடிய கடினம். ஆகவே முதலில் தேய்க்கவே கூடாது. ஹோஸ் பிடித்து மேலிருந்து கீழே மணல் போகும்வரை வெறும் தண்ணீர். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பூ, மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். அலசும் வாளியின் அடியைக் கடைசியில் பாருங்கள், சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி மண் கிடக்கும். ஒரே வாளியில் கழுவினால் அதெல்லாம் திரும்பப் பொனட்டுக்குத்தான் போகும்.

சோப் தூள் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். எண்ணெயை எடுப்பதுதான் அவற்றின் வேலை, வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள் காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும். எங்கள் கிணறு கடினத் தண்ணீர். துளி அப்படியே காய்ந்தால் சுண்ணாம்பு வட்டம் விழும். புதிதாக விழுந்த வட்டத்துக்கு வினாகிரியில் அதேயளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி, பிறகு நன்றாக அலசினால் போகிறது. பழைய வட்டத்துக்கு அது காணாது.

க்ளே என்பது பிசைந்த மா போல ஒரு கட்டி. கழுவிய காரில் கையை வைத்தால் வழுவழுப்பாகத்தான் தெரியும். ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், உப்புத்தாளைத் தடவியது போல் நறநறக்கும். பிரேக் தூள், தார்ப் பொட்டு, மரத்துப் பிசின் எல்லாம் பெயின்டில் ஒட்டிக் கிடப்பதுதான் அது. ஷாம்பூத் தண்ணீரை நிறைய விட்டு, க்ளேயை அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்தால் அந்த நறநறப்பு அடங்கும். அடங்கும் அந்தக் கணம் விரலிலேயே தெரிகிறது. எனக்கு முழு வேலையிலும் மிகப் பிடித்த கட்டம் இதுதான். இருபது வருடத்து அழுக்கு அந்தச் சிறிய கட்டியில் மண்ணிறமாக ஏறியிருந்தது. கட்டி தப்பித் தவறி நிலத்தில் விழுந்தால் எடுத்துக் கழுவிப் பாவிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும் கதவு முழுக்கக் கோடு போட.

அடுத்தது மெக்வயர்ஸ் கொம்பவுண்ட். கையால் பாவிக்கலாம் என்று போத்தலிலேயே போட்டிருக்கிறது, அது உண்மை. ஒரு ஸ்பொன்ஞ்சில் நாணயமளவு எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி மட்டும், காயும் முன் தேய்த்துத் துடைக்க வேண்டும். காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு நிறுத்திவிடுவேன். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஒன்பது மணிக்குப் பொனட்டில் கை வைக்க முடியாது, சூட்டில் கொம்பவுண்ட் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு சனி, ஒரு ஞாயிறு, அடுத்த சனி என்று மூன்று விடியலில் முடித்தேன். தோள் வலித்தது.

கையால் தேய்த்ததில் பழைய மங்கல் போய்விட்டது. நீலத்துக்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள் மறுபடி தெரிந்தன. வெயிலில் தெரியும் சிலந்திவலைக் கோடுகள் பாதிக்கு மேல் குறைந்தன. (அந்தக் கோடுகள் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் உள்ள நேர்க் கீறல்களில் வெளிச்சத்தைச் சுற்றி இருப்பவை மட்டும் மின்னுவதால்தான் வட்டமாகத் தெரிகிறது.) கடை மெஷின் விட்டுப்போன தடங்கள் முழுதாகப் போகவில்லை. அதற்கு மெஷின்தான் வேண்டும், அதுவும் அதிர்ந்து சுழலும் வகை. நகத்தால் இழுத்தால் தடக்கும் கீறலுக்கு எந்தக் கொம்பவுண்டும் சரிவராது. தேய்க்கத் தேய்க்கக் க்ளியர் கோட்தான் குறையும், விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணையின் பழைய வெள்ளை வானில் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தபோது துணி பால் வெள்ளையானது. அவர் பயந்துவிட்டார். அந்த வானில் க்ளியர் கோட் கிடையாது, நிறப் பெயின்டே மேலே இருக்கிறது, அதுதான் துணியில் வருகிறது. அந்த வெள்ளையைக் கொடுப்பது டைட்டேனியம் டைஒக்சைட். அதை எடுக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும் இங்கே வடக்கே புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் கிடக்கின்றன என்று சொன்னேன். வானைவிட அந்தக் கதை அவருக்குப் பிடித்துப்போனது. எங்கள் காரில் துணியில் நீலம் வரவில்லை, அப்படியென்றால் க்ளியர் கோட் இன்னும் இருக்கிறது. உங்கள் காரில் எந்த வகை என்று அறிய இதுதான் எளிய வழி.

இனி கொலினைட். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து யூட்டிகா என்ற ஊரில் செய்கிறார்கள். போத்தலில் இன்சுலேட்டர் வாக்ஸ் என்று பெயர். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரில் உப்பும் தூசும் படிந்து ஈரமானால் அதன் மேலாலேயே மின்சாரம் பாய்ந்துவிடும். அதைத் தடுக்கப் பூசிய வாக்ஸ் என்பதால் அந்தப் பெயர். இதை வாசித்ததும் எங்கள் ஊருக்கு இதுதான் என்று முடிவெடுத்தேன். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைகிறது. திருகோணமலையில் இரவில் அது சர்வசாதாரணம். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் காரில் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் உப்புத் தண்ணீராகிறது. கல் தெறித்துப் பெயின்ட் போன இடம் ஒன்று இருந்தால் அதற்குப் போதும், துரு தொடங்கிவிடும்.

பூசுவது மிக எளிது. குளிர் நாடுகளில் இது தடித்துவிடும் என்கிறார்கள். இங்கே எப்போதும் தண்ணீர் போலத்தான், அதனால் போத்தலைக் குலுக்கிவிட்டு மெதுவாகச் சரிக்க வேண்டும். ஒரு கதவுக்கு இரண்டு மூன்று துளி. பூசியதே தெரியாத அளவு மெல்லியதாக இழுத்துவிட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் துடைக்க வேண்டும். முதல் தரம் நான் தாராளமாகப் பூசி, துடைக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரண்டாம் தரம் முழுக் காருக்கும் சேர்த்தே ஒரு மணித்தியாலம்தான். இதே அளவில் போனால் அந்தப் போத்தல் வருடங்களுக்குக் காணும்.

கதிரையைப் போட்டு முற்றத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழும்பி வந்து பொனட்டைத் தடவினார். "என்ன பிள்ளை, கை நிக்கேல்ல, வழுக்கிக்கொண்டு போகுது" என்றார். பிறகு கதவு, பிறகு டிக்கி என்று ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் போய் இருந்தார்.

ஒரு வருடத்தில் கண்டது இது. மாரிக்கு முன் ஒரு தரம் பூசினேன். கார்த்திகை, மார்கழி மழை முழுதும் தண்ணீர் மணிமணியாக உருண்டு போனது. தை கடைசியில் பொனட்டில் மட்டும் மணிகள் பெரிதாகித் தட்டையாகத் தொடங்கின, கதவுகளில் இன்னும் நல்லாக இருந்தது. ஆக, இந்த வெயிலுக்கும் தினமும் பாலம் கடக்கும் ஓட்டத்துக்கும் நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நிற்கும் காருக்கு அதைவிட நீண்ட காலம் போகும். கழுவுவதும் பாதி நேரமாகிவிட்டது, உப்பும் தூசும் வெறும் தண்ணீருக்கே வழிந்து போகின்றன. காக்காய் எச்சத்தை மட்டும் நம்பி விடக் கூடாது. அதில் அமிலம் இருக்கிறது, வாக்ஸ் சில மணித்தியாலம்தான் தாங்கும். கோணேசர் கோயிலுக்குப் போனால் கோட்டைக்குள் மரநிழலில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். காரில் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துணியும் எப்போதும் கிடக்கும்.

இடையில் வாக்ஸுக்குப் பதிலாக ஒரு செரமிக் ஸ்ப்ரேயும் வாங்கிப் பார்த்தேன். அடித்துத் துடைப்பது சுகம், ஆனால் எங்கள் கடினத் தண்ணீரில் வட்டம் விழுவது கூடியது போல் இருந்தது. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

என் ஒழுங்கு இப்போது இப்படி: நவராத்திரி வாணி விழாக் காலத்தில் கழுவி, தேவையென்றால் க்ளே, பிறகு வாக்ஸ். மாரி முடிந்து மாசியில் இன்னொரு வாக்ஸ். கச்சான் நடுவில், ஆனி போல, பொனட்டுக்கும் கூரைக்கும் மட்டும் ஒன்று. கொம்பவுண்டை இன்னும் நாலைந்து வருடத்துக்குத் தொடமாட்டேன். ஆயுத பூசைக்குக் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம்தானே, அதை இப்போது முன் கண்ணாடியிலும் இலக்கத் தகட்டிலும் வைக்கிறோம். பொனட்டில் வைத்துக் காயவிட்ட பழைய பொட்டு ஒன்றின் தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். "கண்ணாடியில வைச்சாலும் அம்மாள் பார்ப்பா" என்று அவரே தொட்டு வைத்தார்.

மிச்சம் இருப்பது அந்தக் கூரை ஓரம். க்ளியர் கோட் போன இடத்தில் விளிம்பு வெள்ளையாக உரியத் தொடங்கியிருக்கிறது. அதற்கு வாக்ஸும் இல்லை, கொம்பவுண்டும் இல்லை, பெயின்ட் அடிப்பவரிடம்தான் போக வேண்டும். மாசியில் கொண்டுபோவதாக இருக்கிறோம். அதுவரை அந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுத்தான் கொலினைட் பூசுகிறேன். வாக்ஸ் இருக்கும் இடத்தில் புதுப் பெயின்ட் பிடிக்காது. எப்படியும் அவர் துடைத்து எடுத்துவிட்டுத்தான் அடிப்பார், என்றாலும் அவருடைய வேலையைக் கூட்டுவானேன்.