கொள்ளு வறுத்துப் பன்றித் தீவனம் அரைக்கும் மில்

ஊத்தங்கரை வட்டாரத்தில் வெண்பன்றி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சிறிய அரவை மில்லில்தான் நான் தீவனம் அரைக்கிறேன். மற்ற மில்களில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: கொள்ளு, தட்டைப்பயறு வறுக்கும் டிரம். அதற்காகவே இங்கே போகலாம்.

பச்சைக் கொள்ளில் புரதம் 22 சதவீதம் அளவுக்கு இருந்தாலும், அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் (புரதத்தைச் செரிக்கும் நொதியை மறிக்கும் பொருள்) அதைச் செரிக்க விடாது. சூடுபட்டால் அந்தத் தடுப்பு அடங்கிவிடும். கருகினாலோ லைசின் என்ற முக்கியமான புரதக்கூறு வீணாகும். மில்காரர் வாசம் எழும்பி மணி லேசாகச் சிவந்ததும் இறக்கி, உடனே தரையில் பரப்பிவிடுகிறார். இந்தப் பக்குவம் அவர் கைக்கு நன்றாக வந்திருக்கிறது.

வளர்ந்த பன்றிக்கு நான் சொல்லும் கலவை 100 கிலோவுக்கு இப்படி: மக்காச்சோளம் 48, தவிடு 20, வறுத்த கொள்ளு 15, கடலைப் புண்ணாக்கு 14, மீதி 3 கிலோ தாது உப்புக் கலவையும் சாதா உப்பும். புரதம் 16 சதவீதம் பக்கம் வரும். கடலைப் புண்ணாக்கில் லைசின் குறைவு, கொள்ளில் அது தாராளம். அதனால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். பால் மறந்த குட்டிகளுக்கு இது போதாது, அவற்றுக்கு சோயாவும் மீன்தூளும் சேர்ந்த தீவனத்தையே தருகிறேன்.

சோயாவை முழுக்க நம்பியிருந்தவர்கள் 2021ஐ மறந்திருக்க மாட்டார்கள். விலை ஏறிய ஏற்றத்தில் மத்திய அரசே 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. கொள்ளு நம் செம்மண் மானாவாரியில் விளைவது. ஆனால் சமையல் தரத்துக் கொள்ளை வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது. உடைசலும் பொடிமணியும் கேட்டு வாங்குங்கள்.

இனி குறைகள். கேட்காவிட்டால் மாவு மாதிரி நைசாக அரைத்துவிடுகிறார்கள். பன்றிக்கு அது ஆகாது, இரைப்பையில் புண் வரும், தூசியில் இருமல் வேறு. 3 மில்லிமீட்டர் சல்லடை போடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். இன்னொன்று, மழைக்காலத்தில் அங்கே அடுக்கியிருக்கும் கடலைப் புண்ணாக்கை நான் தொடமாட்டேன். சுவரோரம் ஈரம், பூஞ்சை வாடை. பூஞ்சை நஞ்சு ஏறிய புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும். செக்கிலிருந்து காய்ந்ததாக வாங்கி, நானே கொண்டுபோகிறேன்.

அப்புறம் சாக்கு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமில் நுழைந்ததிலிருந்து எனக்கு இதில் பயம் அதிகம். பல பண்ணைச் சாக்குகள் புழங்கும் இடம் மில், சாக்கோடு நோயும் வந்துவிடலாம். இவர்கள் நம் சாக்கிலேயே கட்டித் தருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. அதற்காகவே அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். வறுத்து ஆற நேரம் பிடிக்கும், அதனால் முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள்.