இஎஃப்பி பிரௌசர்: விதைக்குள் எட்டிப் பார்க்க நல்ல வழி, ஆனால் மாதிரியைக் கவனியுங்கள்

செடியின் கரு வளரும்போது எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று பார்க்க நான் முதலில் திறப்பது டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இஎஃப்பி பிரௌசர் (eFP Browser) என்ற இணையக் கருவியைத்தான். 2007-இல் வெளிவந்தது, இலவசம். ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கும் அரபிடாப்சிஸின் மரபணு எண்ணைக் கொடுத்தால் செடியின் படம் வரும்: வெளிப்பாடு, அதாவது மரபணு வேலை செய்யும் அளவு, குறைந்த இடம் மஞ்சள், மிகுந்த இடம் சிவப்பு.

கரு வளர்ச்சிக்குத் தேவையான லெக்1 (LEC1) மரபணுவின் ஏடி1ஜி21970 (At1g21970) என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். இலையும் வேரும் மஞ்சளாகவே கிடக்க, வளரும் விதைகளில் சிவப்பு ஏறும். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் இதை வைத்துத்தான் பாடம் தொடங்குகிறேன். எண்களாகக் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள், இதைக் கண்டால் கேள்வி கேட்கிறார்கள்.

ஆனால் சிவப்பைக் கண்டதும் முடிவு கட்டிவிடாதீர்கள். வண்ண அளவுகோல் அந்தந்த மரபணுவின் உச்சத்தை வைத்தே அமைகிறது. உச்சம் 40 என்றாலும் சிவப்புதான், 4,000 என்றாலும் சிவப்புதான். இரண்டு மரபணுக்களை ஒப்பிட வேண்டுமென்றால் சிக்னல் வரம்பை, அதாவது முழுச் சிவப்புக்கான உச்ச அளவை, இரண்டுக்கும் ஒன்றாக வைத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், மாதிரி எதிலிருந்து எடுத்தது என்பது. விதை வளர்ச்சி வரிசையில் கோளநிலை, இதயநிலைக் கருக்கள் (உருண்டையாகவும் பிறகு இதய வடிவிலும் இருக்கும் இளங்கருக்கள்) காயோடு சேர்த்தே அரைக்கப்பட்டவை. காய்ச்சுவர், விதையுறை, கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசை எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். கருவைத் தனியே பிரித்தாலும் சிக்கல் தீராது: வெளியான பல கரு, முளைசூழ்தசைத் தரவுகளில் விதையுறை ஆர்என்ஏ கலந்திருப்பதை 2017-இல் ஷோன், நோடின் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? வாக்ஸ்2 (WOX2), வாக்ஸ்8 (WOX8) என்ற இரண்டு மரபணுக்களும் கருவுற்ற முட்டையில் சேர்ந்தே வெளிப்படுகின்றன. அந்தச் செல் முதல்முறை பிரிந்ததும் வாக்ஸ்2 மேல்செல்லுக்கும் வாக்ஸ்8 கீழ்செல்லுக்கும் போய்விடுகின்றன. ஒரே பிரிவில் இப்படிப் பிரிந்துவிடும் கதையை முழுக் காயை அரைத்து எடுத்த தரவு எப்படிச் சொல்லும்?

அப்புறம், இஎஃப்பியில் உள்ள திசுவாரியான பக்கத்தைத் தவறவிடாதீர்கள். லேசரால் வெட்டியெடுத்த கருக்களின் தரவு மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று தனித்தனியாக அங்கே இருக்கிறது. கருவுக்கு நான் நம்பிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். எந்தச் செல் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் இன் சிட்டு (திசுவிலேயே அந்த மரபணுவின் ஆர்என்ஏவுக்குச் சாயமேற்றிக் காணும் முறை) செய்யுங்கள், அல்லது மரபணு வேலை செய்யும் செல் ஒளிரும்படி மாற்றிய ஒளிரும் புரத ரிப்போர்ட்டர் செடி வளர்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். எந்த மரபணுவுக்கு அந்த உழைப்பைச் செலவிடலாம் என்று தேர்ந்தெடுக்க இஎஃப்பி போதும்.